மீன்கூடையில் போன மாக்னெட்டோ

முப்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம், அடையாறு கடலில் கலக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே, வடக்குக் கரையில் நடந்தது இது. அப்போது நாங்கள் சாந்தோமில் குடியிருந்தோம். நான் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் விற்ற பழைய மோட்டார் படகை வாங்கியிருந்தார். என் கையிலிருந்த இரண்டு வளையலும் அந்தப் படகுக்குள்தான் போயின. ஊர் அதை அவர் படகு என்று சொல்லும். எனக்கு அது என் வளையல்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் சந்தேகப் பிராணி. கடைக்காரர் தராசைத் தூக்கினால், தட்டைத் திருப்பிக் காட்டு, அடியில் புளி ஒட்டியிருக்கிறதா பார்க்கணும் என்பேன். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அமுக்கிப் பார்த்து, மோந்து பார்த்துத்தான் வாங்குவேன். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா ஆற்று வாயை ஒட்டின குப்பத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். டீச்சரம்மா பார்க்கிற பார்வைக்குச் செத்த மீனும் எழுந்து ஓடிவிடும் என்று தெருவே கேட்கும்படி சொல்வாள். அவள் விலை சொன்னதும் நான் "அடி திருடி" என்று ஆரம்பிப்பேன். அவள் சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்குவாள். நான் திரும்பக் கூப்பிடுவேன். தினமும் இதே கச்சேரிதான்.

படகுக்கு அப்போது வேலை இருந்தது. கால்வாய் வழியாக விறகு, கிளிஞ்சல், ஆட்கள் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார் இவர். ஆற்றில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்திருந்த ஒரு பெரிய மனிதரும் தன் கூடைகளை எங்கள் படகில்தான் மயிலாப்பூர்ப் பக்கம் அனுப்புவார். இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று வயிற்றுக்குள்ளிருந்து யாரோ கதவு தட்டுகிற மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. பேரிங் தேய்ந்துவிட்டதாம். எஞ்சினை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் போட்டால்தான் மாற்ற முடியும் என்றார்கள்.

படகைக் கொண்டுவந்து விடுங்கள், நாங்களே எடுத்து மாட்டித் தருகிறோம் என்று ஒரு பட்டறைக்காரர் வீடு தேடி வந்து சொன்னார். வீடு தேடி வந்தார் பாருங்கள், அங்கேயே எனக்குப் பொறி தட்டிவிட்டது. உள்ளே போவது நம் சாமானாகவும் வெளியே வருவது எவனுடையதோ ஓட்டை சாமானாகவும் இருந்தால் யாரைப் போய்க் கேட்பது? முடியவே முடியாது, நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். என் அண்ணன் ஒரு பஸ் கம்பெனியின் ஷெட்டில் ஃபிட்டர். இது என்ன பிரமாதம், பஸ் எஞ்சினையே தூக்கியிருக்கிறேன் என்று அவனும் சட்டைக் கையை மடக்கிவிட்டான்.

பஸ் தரையில் நிற்கிறது, படகு தண்ணீரில் நிற்கிறது. இந்த வித்தியாசம் எங்கள் மூன்று பேர் மண்டையிலும் ஏறவில்லை.

அந்த வருஷம் முதல் மழை நன்றாகப் பிடித்திருந்தது. வெயில் காலம் பூராவும் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி ஆற்றின் வாயை அடைத்துவிடும். அதனால் வந்த தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் கரைவரைக்கும் தளும்பி நின்றது. எங்களுக்கு அது நல்ல வசதி. படகைப் புல் தரையை உரசுகிற மாதிரி கொண்டுவந்து கட்ட முடிந்தது. குத்தகைக்காரருக்கும் வசதி, மீன் கடலுக்குத் தப்பிப் போகாது. அதற்காகவே அவருடைய காவல்காரன் ஒருவன் கரையில் குடிசை போட்டு உட்கார்ந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மீன் கொண்டுவந்தபோது அந்த அம்மா விலையைப் பற்றிப் பேசவே இல்லை. எஞ்சினை எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டாள். நாளைக்கு என்றேன். காலையிலா, மதியமா என்றாள். யார் யார் வருவார்கள் என்றாள். காவல்காரனும் கூட வந்து கை கொடுப்பானா என்றாள். என் முதுகுத் தண்டு நிமிர்ந்துவிட்டது. மீன்காரிக்கு எதற்கு இந்த விசாரணை? நான் பிடி கொடுக்காமல் பேசினேன். போகும்போது வாசலில் நின்று திரும்பி, "இன்னிக்கே கயட்டிட்டா இன்னா? இல்லாங்காட்டி திங்கக்கெயம வெச்சுக்கோங்களேன்" என்றாள். ஏன் என்றால், சும்மாதான் என்றாள். சும்மா கேட்கிற கேள்வியா அது?

இவரிடம் சொன்னேன், சிரித்தார். அண்ணனிடம் சொன்னேன், நீ போலீஸில் சேர்ந்திருக்கணும் என்றான். பித்தளை சாமானுக்கு ஊரில் என்ன கிராக்கி என்று இவர்களுக்கு எங்கே தெரிகிறது! மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. குடையையும் சோற்றுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு நானும் காவலுக்குக் கிளம்பிவிட்டேன்.

அண்ணன் ஷெட்டிலிருந்து செயின் கப்பி கொண்டுவந்திருந்தான். கேட்டு வாங்கினாயா, கேட்காமல் எடுத்தாயா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டதில் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று சவுக்கு மரங்களை உச்சியில் கட்டி முக்காலி மாதிரி படகுக்கு மேலே நிறுத்தினார்கள். ஒரு கால் கரையில், இரண்டு கால் படகுக்கு அந்தப் பக்கம் தண்ணீருக்குள் சேற்றில். உச்சியில் கப்பியைத் தொங்கவிட்டு, அதன் செயினை எஞ்சினில் மாட்டி விறைப்பாக இழுத்து வைத்தார்கள். போல்ட்டுகளைக் கழற்றும்போது எஞ்சின் ஆள் மேல் சரியாமல் செயின் பிடித்துக்கொள்ளும் என்பது கணக்கு.

முதலில் மாக்னெட்டோவைக் கழற்றி என்னிடம் கொடுத்தார் இவர். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற சாமான் அது. உரித்த தேங்காய் பருமன்தான் இருக்கும், ஆனால் அது போனால் மற்றதெல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற இரும்புதான். நான் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் குப்பத்தின் கட்டுமரங்கள் எல்லாம் மணலில் கிடந்தன. கடல் அன்றைக்கு சாதுவாக இருந்தது. அப்படியிருந்தும் ஒரு மரம்கூடக் கடலுக்குப் போகவில்லை. சரி, ஆம்பிளைகள் வீட்டிலிருக்கிறார்கள் என்றால், ஒரு ஆம்பிளைத் தலையும் கண்ணில் படவில்லை. பெண்கள் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் பேசாமல். குப்பத்துப் பெண்கள் பேசாமல் உட்கார்ந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று என் மனசு அடித்துச் சொன்னது. அது சரியாகவே சொன்னது. என்ன திட்டம் என்பதில்தான் கோட்டை விட்டேன்.

உச்சி வெயிலில் காவல்காரன் குடிசைக்குள் சாப்பிடப் போனான். இவர் எஞ்சினின் முன்பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் போனார். அங்கே இடம் குறுகல். பலகையில் மல்லாக்கப் படுத்து, தலையை எஞ்சினுக்கு அடியில் கொடுத்துத்தான் கையை நீட்ட முடியும். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து சத்தம் போட்டார், ஏன் செயினை இழுக்கிறாய் என்று. நான் எங்கே இழுத்தேன், கையே வைக்கவில்லையே என்றான் அண்ணன். கொஞ்சம் முன்னால் சுலபமாகச் சுற்றின நட்டு இப்போது யாரோ மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி இறுகிவிட்டது, நீ இழுக்காமல் எப்படி இறுகும் என்றார் இவர். செயின் தானாகவே முறுக்கிக்கொள்கிறது என்று அண்ணன் சத்தியம் செய்தான். அவன் புகையிலை போடப் போய்வந்ததை நான் பார்த்தேன். கைமறதியாக இழுத்துவிட்டு மழுப்புகிறான் என்று நானும் சேர்ந்து கத்தினேன். இரும்புச் செயின் தானாக இழுத்துக்கொள்ளுமா? நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் சண்டைக்கு நடுவில்தான் அவள் வந்தாள். தலையில் கூடை, மூச்சு வாங்கிக்கொண்டு. அந்த நேரத்தில் அங்கே மீன் வாங்க யார் இருக்கிறார்கள்? என் பக்கத்தில் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, எஞ்சினையும் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் நின்ற சவுக்குக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மடியை இறுக்கிக்கொண்டேன்.

"டீச்சரம்மா, உங்க வூட்டுக்காரர மேல கூப்டு" என்றாள் மெல்லிசாக. ஏன் என்றேன். "ஏன்னு கேக்காதே. கூப்டு. கொஞ்ச நேரம் வெளில வந்து குந்தட்டும்."

இவரை வெளியே வரவைத்துப் பேச்சில் இழுத்து நிறுத்துவது, அந்தச் சந்தில் மற்றவர்கள் வந்து சாமான்களை அள்ளுவது என்று ஒரு முழு நாடகமும் என் கண் முன்னால் ஓடிவிட்டது. உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்றேன். அவள் எழுந்தாள். காவல்காரன் குடிசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். படகைப் பார்த்தாள். குனிந்து, என் மடியிலிருந்த மாக்னெட்டோவைத் துண்டோடு பிடுங்கிக் கூடையில் மீனுக்கு நடுவில் போட்டுக்கொண்டு ஓட்டமெடுத்தாள்.

நான் போட்ட கூச்சல் மாதா கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். திருடி, திருடி, மாக்னெட்டோவை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள் என்று அலறினேன். மாக்னெட்டோ என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், எஞ்சினுக்கு அடியிலிருந்து இவர் எப்படி வெளியே வந்தார், எப்படிக் கரைக்குத் தாவினார் என்று இன்றைக்கும் அவருக்கே தெரியாது. அண்ணனும் கப்பியை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினான். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைசியில் ஓடினேன்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் மரம் முறிகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெரிய இடி. காலடியில் தரை அதிர்ந்தது.

திரும்பிப் பார்த்தேன். முக்காலியைக் காணவில்லை. ஒரு சவுக்கு முறிந்து, மற்ற இரண்டும் படகு மேல் குறுக்கே கிடந்தன. எஞ்சின் கவிழ்ந்து, அதன் பெரிய சக்கரம் இவர் தலை வைத்துப் படுத்திருந்த பலகையைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. படகு தண்ணீரில் இல்லை, சேற்றில் சாய்ந்து கிடந்தது. காலையில் புல்லைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் எங்கேயோ கீழே இறங்கி, கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

சேசுவே, அந்த நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. குப்பத்து ஆண்கள் எல்லோரும் சேர்ந்து மணலை வெட்டி ஆற்றின் வாயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் பள்ளத்தில் இருந்த அவர்கள் குடிசைகளுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மீன் போய்விடும் என்று குத்தகைக்காரர் வெட்டவிடவில்லை. அதனால்தான் யாருக்கும் தெரியாமல், காவல்காரன் சாப்பிடுகிற நேரமாகப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். சண்டை மும்முரத்தில் நாங்கள் ஒருத்தரும் தண்ணீரைக் கவனிக்கவில்லை; அது இறங்க இறங்கப் படகும் இறங்கியது. எஞ்சினோ மேலே செயினில் மாட்டியிருந்தது, பின்பக்கத்துப் போல்ட்டுகள் அதைப் படகோடு பிடித்துக்கொண்டிருந்தன. முழுப் படகின் கனமும் அந்த மூன்று சவுக்கின் மேல் விழுந்திருக்கிறது. செயினை இழுத்தது அண்ணன் இல்லை, ஆறு.

அந்த அம்மா கொஞ்ச தூரத்தில் திறந்த மணலில் நின்றுகொண்டிருந்தாள். திருடுகிறவள் குடிசைகளுக்குள் அல்லவா ஓடியிருப்பாள். இவரை உச்சந்தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். என் கூச்சலுக்குக் காவல்காரன் எச்சில் கையோடு ஓடிவந்துவிட்டான். ஆற்றைப் பார்த்தான், அவன் முகம் கறுத்துப்போயிற்று. அடுத்தபடியாக இவளைப் பார்த்தான். கையைப் பிடித்து எழுப்பினான். திருட்டுக் கேஸா, நல்லதாகப் போயிற்று, ஸ்டேஷனில் உட்கார வைத்தால் எவனெவன் மண்வெட்டி பிடித்தான் என்று தானாக வெளியே வரும் என்றான். அவள் கையை உதறவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. சும்மா என்னைப் பார்த்தாள். என்னிடம் என்ன கேட்க முடியும்? அவளை எந்த நாளும் நம்பாத ஒருத்தியிடம்.

"என்ன எடுத்தா, சொல்லுங்கம்மா" என்றான் அவன்.

"ஒண்ணும் எடுக்கல. நான்தான் குடுத்தனுப்பினேன்" என்றேன். "ஈரம் படாம எங்க வீட்ல கொண்டுபோய் வைன்னு."

"அப்ப திருடின்னு கத்துனது?"

"அவளை நான் தினமும் அப்படித்தான் கூப்பிடறேன். எங்க தெருவுல வந்து கேட்டுப் பாரு."

அவன் நம்பவில்லை. அவனுக்கும் கண் இருக்கிறதே. இவர் பக்கம் திரும்பி, நீங்கள் ஏன் துரத்தினீர்கள் என்றான். இவர் முகமெல்லாம் கறுப்பு எண்ணெய். பிளந்து கிடந்த பலகையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். என் பெண்டாட்டி எதைத்தான் என்னிடம் சொல்லிவிட்டுச் செய்கிறாள் என்றார். காவல்காரன் அவள் கையை விட்டான். குத்தகைக்காரரிடம் சேதி சொல்ல ஓடினான்.

அவள் கூடையிலிருந்து மாக்னெட்டோவை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தாள். மீன் வாடை லேசில் போகாது, நன்றாகத் துடைத்துக்கொள் என்றாள். நான் அதை வாங்கித் திரும்பவும் மடியில் வைத்துக்கொண்டேன்.

பொழுது சாயும்போது குப்பத்து ஆட்கள் வந்தார்கள். ஈரமும் மணலுமாக இருந்தார்கள். முறியாத சவுக்குகளிலேயே எஞ்சினைக் கயிறு போட்டுக் கட்டித் தோளில் சுமந்து எங்கள் வீட்டுக் கொல்லை வரைக்கும் கொண்டுவந்து இறக்கினார்கள். அண்ணன் அங்கேயே வைத்துப் பேரிங்கை மாற்றினான். அவனிடம் நான் செயின் விஷயத்தை எடுக்கவே இல்லை, அவன் மட்டும் வருஷக்கணக்காக எடுத்துக்கொண்டிருந்தான். பலகையை மாற்றி, படகு தை மாதம் தண்ணீரில் இறங்கியது. குத்தகைக்காரர் அதற்குப் பிறகு ஒரு கூடைகூட எங்களிடம் அனுப்பவில்லை. குப்பத்தோடு நாங்களும் கூட்டு என்று அவருக்குச் சந்தேகம். சந்தேகத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? விறகையும் கிளிஞ்சலையும் வைத்து ஓட்டினோம்.

வெகு நாள் கழித்து ஒரு நாள், தெருவில் யாரும் இல்லாத நேரத்தில், மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன். தண்ணீர் இறங்கப் போகிறது என்று ஒரு வார்த்தை என் காதில் போட்டிருக்கக் கூடாதா என்று. உங்கள் படகில்தானே குத்தகைக்காரர் மீன் போனது, உங்களை எப்படி நம்புவது என்று குப்பத்தில் எல்லோரும் பயந்தார்களாம். வெளியே மூச்சு விடக் கூடாது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார்களாம். மீனை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, சொல்லிட்டேன்னே வெச்சுக்கோ. நீ நம்பியிருப்பியா டீச்சரம்மா?"

நான் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்தேன். அன்றைக்கு மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கினேன் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். ஆனால் பார்த்துத்தான் வாங்கினேன், பிறவிக் குணம் எங்கே போகும்? என்னிடம் எதையோ ஒளிக்கிறாள் என்று சரியாகக் கண்டுபிடித்த எனக்கு, ஒளித்துக்கொண்டே காப்பாற்றவும் ஒருத்தியால் முடியும் என்பது மட்டும் தோன்றவில்லை. நான் நம்ப மாட்டேன் என்பதை அவள் அவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள். அதனால்தான், திருடி என்று பேர் வந்தாலும் வரட்டும் என்று துணிந்தாள், என் கழுத்தில் தாலி நிலைத்தது.